நாற்பதும் ஒரு மாதிரி ஷீட்டும்

1. பேப்பர் பெருத்த நாள்

மலைமேல் அட்டுவம்பட்டியில் நிர்மலா மேடத்தின் ஓவிய ஸ்டுடியோவுக்கு நான் முதலில் போனது ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. நான் பிரஷ் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சவரி, கை ஒரே சீரா போகுதே. ஸ்குவீஜி பிடிக்கிறீங்களா?" என்றார்.

ஸ்குவீஜி என்பது ரப்பர் பதித்த கட்டை. வலைத்துணி கட்டிய ஸ்கிரீனில் மையை ஊற்றி ஒரே இழுப்பாக இழுத்தால், கீழே இருக்கும் ஷீட்டில் ஒரு நிறம் விழும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன்.

பிறகு ஒரு வருஷம் மேடம் போட்ட படத்தில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. மஞ்சள், ஊதா, கருஞ்சிவப்பு, பச்சை என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கட்டங்கள். மொத்தம் நாற்பது ஷீட்தான். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போடுவார்.

ஊதா முடிந்த மறுநாள் மூடுபனி ஸ்டுடியோவுக்குள்ளேயே வந்துவிட்டது. பேப்பர் ஈரம் குடித்துப் பெருத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஷீட்டை ஒரே இடத்தில் வைக்கப் போட்ட மூலைக் குறிக்குள் உட்காரவில்லை. அப்படியே இழுத்தால் சிவப்பு இடம் தப்பி விழும்.

"நூலளவுதானே மேடம். வெரசா முடிச்சிரலாம். யாரு பாக்கப் போறா?"

"நாம பாப்போம்ல. அதுவா காயட்டும். நீங்க டீயக் குடிங்க."

கண்காட்சிக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். அவர் தினமும் வெள்ளனே வந்து ஒரு ஷீட்டைக் குறியில் வைத்துப் பார்ப்பார், திரும்ப எடுத்து வைத்துவிடுவார். வெயில் வந்த பிறகுதான் சிவப்பு இழுத்தோம். சிவப்புக்கு அடியில் ஊதா தணல் மாதிரி தெரிந்தது. இந்த நிறத்தை இவர் எப்படி முன்கூட்டியே கண்டார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

2. ஹோட்டல்காரர் வந்தது

எல்லா நிறமும் சரியாக விழுந்த முதல் ஷீட்டை மாதிரியாகச் சுவரில் மாட்டுவோம். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றுக்கு எண் போடுவார். மாதிரி ஷீட் நாற்பதில் சேராது; வேலை முடிந்ததும் இழுத்தவருக்குச் சொந்தம். அது ஸ்டுடியோ வழக்கம். இந்தப் படத்தை எப்போது வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றிருந்தது எனக்கு.

நாற்பதும் விற்றுப்போன பிறகு ஒரு ஹோட்டல் முதலாளி வந்தார்.

"லாபிக்கு ஒண்ணு வேணும் மேடம்."

"முடிஞ்சிருச்சு சார்."

"இன்னொண்ணு அடிச்சாப் போச்சு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல சார். ஸ்கிரீன்ல இருந்த படத்தையும் கழுவி அழிச்சாச்சு."

அவர் சுவரைக் காட்டினார். "அப்ப இது?"

"அது சவரியோடது. அவர்ட்ட கேளுங்க."

எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குடையைக் கேட்டால்கூடக் கொடுத்துவிட்டு வில்பட்டியில் இருக்கும் வீடுவரை நனைந்துகொண்டு போகிற ஆள் நான்.

"என்னண்ணே, இத உங்க வீட்டுல எங்க மாட்டப் போறீங்க? குடுங்க, நல்லாக் கவனிக்கிறேன்."

'சரிங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சிவப்புக்கடியில் அந்த ஊதா தெரிந்தது. பனி விலகக் காத்துக்கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

"இல்லைங்க. இது வீட்டுக்குப் போகுதுங்க."

"பெரிய ரசிகர்தான்" என்று சிரித்துவிட்டு அவர் போனார். மேடம் ஷீட்டை இறக்கி, ஓரத்தில் என் பெயரை எழுதப் பென்சிலை எடுத்து, "உங்க இனிஷியல் என்ன சவரி?" என்று கேட்டார்.

வீட்டில் என் மனைவி, "காரட் கழுவுன தண்ணியாட்டம்ல இருக்கு" என்றாள். மறுநாள் பார்த்தால், படத்துக்கு இடம்விட்டு காலண்டரைத் தள்ளி மாட்டியிருந்தாள்.

புதிதாக ஸ்குவீஜி பிடிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இழுக்கக் கை போதும். 'இல்லை' என்று சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். அதற்குச் சத்தம் தேவையில்லை.