பிளக்கைப் பிடுங்கிய டிவி

அன்றைக்கு வீட்டில் நான் இருந்தேன், என் மனைவி இருந்தாள், மகள் இருந்தாள். கிருத்திகைக்கு மலையேறிவிட்டு வந்த பாவா, என் அக்கா வீட்டுக்காரர், இருந்தார்.

மகள் வாங்கிய இன்டர்நெட் பாக்ஸை எங்கள் பழைய குண்டு டிவியில் மாட்டினோம். நடுவில் போடும் கன்வர்ட்டரும் வாங்கியிருந்தாள். சத்தம் வந்தது, படம் வரவில்லை. டிவிக்குப் பின்னால் படத்துக்கான மஞ்சள் ஒயர் சொருகும் இடம் உள்ளே போயிருந்தது.

"மெக்கானிக்கக் கூப்டு நைனா" என்றாள் மகள்.

பாவா சிரித்தார். "தறியவே பிரிச்சி மாட்றவன், இத்தப் பிரிக்க மாட்டானா?"

எனக்கு விசைத்தறி வேலை. தறியில் சுவிட்சை அணைத்தால் கை வைக்கலாம். அந்தப் பழக்கத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியைக் கழற்றிக் கையை விட்டேன். பிக்சர் டியூப் பக்கம் விரல் பட்டது. தூக்கிப் போட்டதில் சுவரோரம் கிடந்தேன்.

"இன்னாங்க, பேசுங்க" என்று மனைவி உலுக்கிக்கினு இருந்தாள். கேட்டது. பேச்சு வரவில்லை. கை மரத்துப்போயிருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். "பிளக்கப் பிடுங்கினாலும் டியூப்ல கரன்ட் நிக்கும்ங்க. ஆளே போயிருப்பீங்க" என்றார்.

இப்போது டிவி மூடியை நான் தொடுவதில்லை. தறியைக்கூட அணைத்து, சற்று நின்ற பிறகே கை வைக்கிறேன். பழைய டிவி வைத்திருப்பவர்கள் நீங்களும் பிரிக்காதீர்கள்.

கரன்ட் அடித்த அன்று சாயங்காலம் மனைவி டீ போட்டாள். எனக்கும் சேர்த்து நாலு டம்ளர்.