வாங்கணும்னு இல்லீங்க

விழுப்புரத்தில் நான் ஏறிய பேருந்து திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்கிறது. மதியம் மெட்ராஸில் எனக்கு ஜெர்மன் தேர்வு. போன முறை என்னைக் கவிழ்த்தது 'முஸ்' என்ற ஒரே சொல். 'முஸ்' என்றால் செய்தே ஆக வேண்டும். அதோடு 'இல்லை'க்கான 'நிஷ்ட்' சேர்ந்தால் செய்யக் கூடாது என்றுதானே வரவேண்டும்? ஆங்கிலத்தில் அப்படித்தான். ஜெர்மனில் அதற்கு 'டார்ஃப் நிஷ்ட்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அப்படியானால் 'முஸ் நிஷ்ட்' எதற்கு? மடியில் விரித்த சைக்ளோஸ்டைல் தாளை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னலில் ஒரு கூடை எழும்புகிறது. அவித்த மல்லாட்டை, தோலோடு வேர்க்கடலை. கூடைக்கார அம்மா ஒரு பிடி அள்ளி என் தாளின் மேலேயே வைக்கிறார்.

"வேணாம்மா."

"வாங்கணும்னு இல்லீங்க. தின்னு பாக்கலாம். இப்பிடிப் படிச்சிக்கினு வெறும் வயித்தோட போகக் கூடாது."

ஒன்றை உரித்துப் போட்டுக்கொள்கிறேன். மெல்லுகிற வாய் அப்படியே நிற்கிறது. வாங்கணும்னு இல்ல: முஸ் நிஷ்ட். போகக் கூடாது: டார்ஃப் நிஷ்ட். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஆறு மாதமாகத் தேடிய வித்தியாசம், பேச்சு வந்த நாளிலிருந்து என் வாயிலேயே இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"முதல்ல சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்கம்மா."

"எத? வாங்கணும்னு இல்லன்னதையா?"

"அதான்."

அவர் கூடையை இடுப்புக்கு இறக்குகிறார்.

"ஒரு தரம் சொன்னா மரியாதைங்க. ரெண்டாந்தரம் சொன்னா நீங்க நெசமாவே வாங்காம போயிடுவீங்க."