சுனாபட்டியில் கெடும் சட்னி

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இருந்த அந்தப் பெட்டிக்குள் அறுநூறு வார்த்தைகள்தான் கொள்ளும். அதற்கு மேல் ஒரு வார்த்தை அடித்தாலும் போன் திரையில் பெட்டி சிவந்துவிடும். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று அதற்குள் சொல்ல வேண்டும். நான் கேட்டிருந்ததோ இரண்டு படிப்புகள். ஒன்று நுண்ணுயிரியல், இன்னொன்று புவியியல். பெட்டி மட்டும் ஒன்றே ஒன்று. இரண்டு துறைக்காரர்களும் அதே கட்டுரையைத்தான் படிப்பார்களாம். ஏன்தான் இப்படிப் படுத்துகிறார்களோ என்று திட்டிக்கொண்டே எழுத உட்கார்ந்தேன்.

ஒரு படிப்பை மட்டும் கேட்டிருக்கலாமே என்பீர்கள். முடியவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் நுண்ணோக்கி வழியாக ஒரு சொட்டுத் தயிரைப் பார்த்த அன்று, வாழ்நாள் முழுக்க இனி இதுதான் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரமே ஒரு டீச்சர் மும்பை வரைபடத்தைச் சுவரில் மாட்டி, தாராவி ஏன் இந்த இடத்தில் வந்தது என்று கேட்டார். என் முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. வெளியூரில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் விடுதியும் சாப்பாடும் இலவசம் என்று சொல்லியிருந்தது. அது கிடைக்காவிட்டால் எனக்கு இரண்டுமே இல்லை.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு. தாராவியில் எங்கள் சந்தில் பாதி வீடுகளில் இட்லி அவிப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா அவிப்பாள். அப்பா பெரிய பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா, சயான், சுனாபட்டி வழியாகச் செம்பூர் வரை போய் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். அப்படிப்பட்ட வீட்டில் என்ன சொல்வார்கள்?

“இதுல என்னட்டி கஷ்டம்? ஒரே மாவுல இட்லியும் அவிக்கலாம், தோசையும் சுடலாம்லா” என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பாவும் அதையே சொன்னார். எதிர்வீட்டு அத்தையும் சொன்னாள். தேங்காய் போட வந்தவர்கூட விஷயத்தைக் கேட்டுவிட்டு அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோசைக்கு மாவை நீர்க்கக் கரைக்க வேண்டும் என்பதை இவர்களில் ஒருவராவது சொன்னார்களா? நீர்க்கக் கரைத்த கட்டுரைக்கு யார் சீட் கொடுப்பார்கள்?

ஆனாலும் முதலில் நான் எழுதியது நீர்க்கத்தான் இருந்தது. மேல் பாதியில் நுண்ணுயிர், கீழ் பாதியில் வரைபடம். மாட்டுங்கா ஜூனியர் காலேஜில் பதினொன்றும் பன்னிரண்டும் என்னோடு படித்த தோழியிடம் காட்டினேன். அவள் வீடு மாஹிமில். அவள் வாப்பாவுக்குப் பை தைக்கிற பட்டறை இருந்தது. தையல் சரியில்லாத பையைத் தூக்கிப் பார்க்கிற அதே முகத்தோடு என் கட்டுரையைப் படித்தாள்.

“ரெண்டு பேரு சண்ட போட்டுட்டு ஒரே ஃபார்ம்ல எழுதுன மாதிரி இருக்குடி” என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. அடுத்த நான்கு நாளில் ஐந்து முறை மாற்றி எழுதினேன். நுண்ணுயிரைக் கூட்டினால் புவியியல் மெலிந்தது, புவியியலைக் கூட்டினால் மற்றது காணாமலே போனது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அன்று மத்தியானம் அப்பா திரும்பி வந்தார். அம்மா சட்னித் தூக்கைத் திறந்து பார்த்தாள். அப்பா அதைத் தெருக்குழாயிலேயே கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

“சுனாபட்டியிலயே தூங்கிட்டோ?” என்று கேட்டாள்.

“ஆமா, செம்பூருக்குத் தக்காளிச் சட்னிதான் ஊத்துனேன்” என்றார் அப்பா.

தேங்காய்ச் சட்னி ஊசிப்போனதைத்தான் அப்படிச் சொல்வோம். ஊசிப்போச்சு என்ற சொல் எங்கள் சந்தில் யார் வாயிலிருந்தும் வராது. புருஷன் பெண்டாட்டி சண்டை வாசலுக்கு வரலாம், பிள்ளை ஃபெயிலானது வாசலுக்கு வரலாம், இது மட்டும் வரக்கூடாது. இட்லி விற்கிற வீட்டில் அந்தச் சொல்லை ஒருத்தர் கேட்டுவிட்டால் வியாபாரம் போச்சு.

நான் எழுந்து அலமாரியிலிருந்து என் பழைய நோட்டை எடுத்தேன். இரண்டு வருஷமாக அதில் ஒரு கிறுக்கு வேலை செய்துவந்தேன். எந்த நாள், எந்த இடத்தில் சட்னி தூங்கியது என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைப்பேன். மே மாதத்தில் பெரும்பாலும் சுனாபட்டி. மழைக்காலத்தில் செம்பூர் வரை தாங்கும். மாட்டுங்காவில் ஒருநாளும் கெட்டதில்லை. அங்கே தெருவுக்குத் தெரு மரம், அப்பா நிழலிலேயே போய்விடுவார். சயான் சிக்னலில் வெயிலில் நிற்க வேண்டும். அதற்கப்புறம் நிழலே இல்லாத நீண்ட ரோடு. தூக்குக்குள் இருக்கிற கிருமிக்கும் அந்த ரோட்டுக்கும் என்ன உறவு? இது நுண்ணுயிரியலா, புவியியலா? ஐயோ, இது ஒரே கேள்விதானே!

உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். “எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னி மே மாதத்தில் சுனாபட்டியில் கெடும்” என்பதுதான் முதல் வரி. பிறகு வார்த்தைகள் தானாக வந்தன. மரம், சிக்னல், மூடியின் சூடு, புளிப்பு சேர்த்த தக்காளிச் சட்னி மட்டும் ஏன் தாங்குகிறது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. சரியாக அறுநூறில் நிறுத்தினேன். இரண்டு படிப்புகளின் பெயரும் அதில் எங்கேயும் இல்லை, தேவைப்படவும் இல்லை. தோழிக்கு அனுப்பினேன். அவள் போன் பண்ணி ஒன்றுமே பேசாமல் கத்தினாள். நானும் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

ஃபார்மை அனுப்ப ஓடிபி வேண்டும். அது பெற்றோர் நம்பருக்குத்தான் வரும், அதாவது அம்மா போனுக்கு. என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்காமல் அவள் போனைத் தர மாட்டாள். முதல் வரியைத் தமிழில் சொன்னேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

“கெடும்னா எழுதியிருக்க? நம்ம சட்னியா?”

“யம்மா, முழுசாக் கேளு.”

“என்னத்தட்டி கேக்கச் சொல்லுத? இத்தன வருசமா ஒரு ஆளு ஒரு கொற சொன்னதில்ல. பெத்த மவ இங்கிலீசுல எழுதி ஊருக்கெல்லாம் அனுப்புதா!” போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பா மெதுவாக வாயைத் திறந்தார். “உள்ளதத்தான எழுதியிருக்கா?”

“ஒங்களுக்கென்ன, சைக்கிள மிதிச்சிட்டுப் போயிருவிய. வாசல்ல நாலு பேரு மொகத்துல முழிக்கவ நாந்தான்.” அத்தோடு அப்பா சைக்கிளைத் துடைக்க எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் சட்னி இல்லாமல் ஒரு கட்டுரை எழுதிப் பார்த்தேன். “சப்புனு இருக்குடி” என்றாள் தோழி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலத்தோடு நேரம் முடிகிறது. அம்மா எதிரே உட்கார்ந்து பொட்டுக்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அழுவதைப் பார்த்தும் பார்க்காதது போலப் புடைத்தாள். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லார் வீட்டுச் சட்னியுந்தான் கெடும்” என்றேன். “மும்பையில எந்த ரோட்டுல, எந்த மாசத்துல கெடும்னு தெரிஞ்சவ நீ ஒருத்திதான். தெரிஞ்சதுனாலதான செம்பூருக்குன்னு தக்காளிச் சட்னி தனியாக் குடுத்து விடுத? காலேஜு பக்கமே போகாம இத நீ கண்டுபிடிச்சிருக்க. அதத்தாம்மா நான் எழுதியிருக்கேன். ஒன்னயத்தான் எழுதியிருக்கேன்.”

முறத்தைக் கீழே வைத்தாள்.

“தூங்கிட்டா கீழ கொட்டிருவோம், அதையும் எழுதியிருக்கியா?”

“இல்ல.”

“அதான பாத்தேன். எழுது. கெட்டுப்போனத ஒருநாளும் ஒரு மனுசன் தட்டுல ஊத்துனதில்லன்னு எழுது. அது இல்லாம அனுப்பக் கூடாது.”

பெட்டியில் இடமில்லை. என் கனவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன், எனக்கு ரொம்பப் பிடித்த வரிகள். வெட்டிவிட்டு அம்மாவின் வரியை வைத்தேன். ஓடிபி வந்தது. எங்கள் வீட்டில் எண்களை இந்தியில்தான் சொல்லுவோம். அம்மா ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கடைசி எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. அந்த நேரம் மட்டும் சந்தில் யாரும் கிரைண்டர் போடக்கூடாது என்று அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். திரையில் ஒரு மேடம், ஒரு சார். மேடம் நுண்ணுயிரியல், மூடியைத் திறந்தால் எப்படி வாடை வரும் என்று கேட்டார். சார் புவியியல், அப்பா ரூட்டைத் தலைகீழாக மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கு மேடமே பதில் சொல்ல ஆரம்பித்தார். சார் மறுத்தார். கொஞ்ச நேரம் என்னை மறந்து அவர்களே சுனாபட்டியைப் பற்றி வாதாடினார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு சார் அம்மா சொன்ன வரியைச் சத்தமாகப் படித்து, “இதை நீங்கள்தான் எழுதினீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை சார், எங்கள் அம்மா” என்றேன். கேமராவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்துகொண்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் மெயில் வந்தது. புவியியலில் சீட். நுண்ணுயிரியலில் ஒரு பாடத்தைச் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். என்ன, ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள். சந்தில் பெண்கள் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

“ஏ, எல்லாரும் கேளுங்க! எங்க வீட்டுச் சட்னி சுனாபட்டியில ஊசிப்போவும்னு எழுதி எம் மவ யுனிவர்சிட்டியில சீட் வாங்கிட்டா!”

அந்தச் சொல்லைக் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அத்தை அரிசிச் சட்டியை இடுப்பில் வைத்தபடி எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் மகள் அந்த வருஷம்தான் பத்தாவது.

“எங்களுது சயான்லயே ஊசிப்போயிருமே” என்றாள். “எம் மவளுக்கும் குடுப்பாவளா?”