படித்தும் படிக்காததாக நின்ற ஒரு தகவல்

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், உற்பத்தி லைன்களிலிருந்து கம்ப்யூட்டரில் வரும் புகார்களைப் படித்து உரிய பிரிவுக்கு அனுப்புவது என் வேலை. முதல் ஷிஃப்டில் நான். இரண்டாவது ஷிஃப்டில் அதே கம்ப்யூட்டரில் பள்ளிப்பட்டுக்காரப் பெண் ஒருவர். ஷிஃப்ட் மாறும்போது ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஒருமுறை மவுஸ் கெட்டுப்போய், புதியது வர ஒரு வாரம் ஆனது. கீபோர்டை வைத்துச் சமாளித்தபோதுதான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வேலை இருப்பது தெரிந்தது. 'என்' தட்டினால் படிக்காத அடுத்த தகவலுக்குத் தாவியது. 'எம்' தட்டினால் படித்தது படிக்காததாகி, தடித்த எழுத்துக்கு மாறியது. ஷிஃப்ட் கீயோடு 'சி' அழுத்தினால் மொத்தமும் படித்ததாகிவிடும். இந்தக் கடைசி வித்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கிளம்பும் முன் ஒரு தட்டு, திரை சுத்தம்.

ஆனால் மறுநாள் காலையில் ஒரே ஒரு தகவல் மட்டும் தடித்து நின்றது. பேக்கிங் ஹாலிலிருந்து வந்தது: 'பின்பக்க அவசரக் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.' அதை நான் எப்போதோ படித்து மெயின்டனன்ஸுக்கு அனுப்பியிருந்தேன். மறுபடி படித்ததாக்கினேன். அடுத்த நாளும் அப்படியே நின்றது. சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வேறு ஃபோல்டரில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் தடித்தது.

நான்காம் நாள் பஸ்ஸை விட்டுவிட்டு, இரண்டாவது ஷிஃப்ட் பெண்ணுக்காகக் காத்திருந்து கேட்டேன்.

"அது நான்தான்ணா. தெனமும் 'எம்' தட்டிட்டுப் போறேன்," என்றார் சாதாரணமாக.

"ஏம்மா? அது படிச்சதுதானே?"

"படிச்சதுதான். கதவு தொறக்கலியே. பேக்கிங்ல எங்க அக்கா வேல செய்யுது. நான் வேற இன்னா பண்றது, சொல்லுங்க?"

அனுப்பியதோடு மறந்துபோனவன் நான். இருவரும் நேரே மெயின்டனன்ஸுக்குப் போனோம். அங்கிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "பார்த்தாச்சுன்னு காட்டுதே சார்," என்றார். அவர்களும் மொத்தமாக 'சி' அழுத்துகிறவர்கள்தான் போலிருக்கிறது.

"கம்ப்யூட்டர உடுங்கண்ணா, ஒரு தபா வந்து தள்ளிப் பாருங்க," என்றார் அந்தப் பெண்.

மெயின்டனன்ஸ்காரர் வந்து தள்ளினார். கதவு அசையவில்லை. சுற்றிப் போய்ப் பார்த்தால், வெளியே மரப்பலகைகளைக் கதவின் மேலேயே சாய்த்து அடுக்கியிருந்தார்கள். தாழ்ப்பாளும் துருப்பிடித்திருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் பலகைகளை அகற்றி, மறுநாள் தாழ்ப்பாளை மாற்றினார்கள்.

புதுத் தாழ்ப்பாளைச் சோதிக்க எங்களையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் அக்காதான் தள்ளினார். ஒரு கையால் தள்ளியதிலேயே கதவு திறந்துகொண்டது. நானும் வெளியே போனேன். நான்கு வருடத்தில் கம்பெனியின் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. காம்பவுண்ட் சுவரை ஒட்டி யாரோ வெண்டைச் செடி வைத்திருந்தார்கள். காய்த்தும் இருந்தது.

"யார் போட்டது?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா," என்று குனிந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார் பள்ளிப்பட்டுக்காரப் பெண். "ஆனா யாரோ தெனமும் தண்ணி ஊத்திக்கினு இருக்காங்க. மண்ணு ஈரமா கீது பாருங்க."