ரிமெய்னிங்கும் ரிமெய்ன்ஸும்

சாங்கி விமான நிலையத்தில் சரக்கு கையாளும் ஒரு நிறுவனத்தில் நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஊரிலிருந்து புது ஆட்களை வரவழைத்து, தங்க வைத்து, வேலைக்கு அனுப்புவது என் பொறுப்பு. இங்கிலீஷில் எம்.பி.ஏ. படித்தவன் என்ற திமிர் எனக்குத் தாராளமாகவே இருந்தது. பக்கத்து மேசை அக்கா இங்கேயே, பிடோக்கில் பிறந்து வளர்ந்தவர். "மெயில் அனுப்பறதுக்கு முன்ன ஒரு தடவ காட்டு தம்பி" என்று முதல் வாரமே சொன்னார். நான் காட்டவில்லை.

அந்த முறை திருச்சியிலிருந்து பத்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் வர வேண்டும். ஆறு பேர் வந்துவிட்டார்கள். நான்கு பேர் விமானத்தைத் தவறவிட்டு, மறுநாள் காலை வருவதாக இருந்தார்கள். இதை மேலாளருக்கு எழுதினேன். தாமதம் என்பதற்கு ‘ஃபோர் மென் ஆர் லேட்’ என்று போட்டேன். மீதிப் பேர் நாளை வருவார்கள் என்பதற்கு ‘ரிமெய்னிங்’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘ரிமெய்ன்ஸ்’ என்றால் சுருக்கமாக, கம்பீரமாக இருக்கிறதே என்று அதையே எழுதி, வண்டி ஏற்பாடு செய்யவும் என்று முடித்தேன்.

மேலாளர் சீனர், தங்கமான மனிதர். மெயிலைப் படித்துவிட்டு என் மேசைக்கே வந்து தோளைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"குடும்பத்துக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும் சார். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

கையை எடுத்துவிட்டார். "சந்தோஷமா?"

"இன்னும் ஒரு நாள் வீட்டிலேயே வச்சிருக்கலாமே, சார்."

வண்டியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மெல்ல நடந்து போனார். என்ன அக்கறை என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் காலை பெயர்ப் பலகையோடு பயணிகள் வெளியே வரும் இடத்தில் நின்றேன். நான்கு பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். மேலாளர் போன் செய்தார்.

"சரக்கு வாசல்ல நிக்கிறேன். ரிமெய்ன்ஸ் எங்கே?"

"என்கூடத்தான் சார். ரெண்டு பேர் டாய்லெட் போயிருக்காங்க. ரெண்டு பேர் காப்பி குடிக்கிறாங்க."

"காப்பியா?" என்று கேட்டார். பிறகு, "அங்கேயே இரு" என்றார்.

கறுப்புச் சட்டையில் வந்தார். கையில் நான்கு ரோஜா மாலைகள். நம் வழக்கப்படி மரியாதை செய்ய லிட்டில் இந்தியா போய் வாங்கியிருக்கிறார், பாவம். பின்னால் சவ ஊர்தி ஓட்டுநர், கையில் படிவத்தோடு. நால்வரில் மூத்தவர் மாலையைப் பார்த்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், கழுத்தை நீட்டினார். மேலாளர் என்ன செய்வார்? போட்டுவிட்டார். மற்ற மூவரும் வரிசையில் நின்றார்கள்.

"பெரிய ஆபீசரே மாலை போடறாருண்ணே!" என்றான் ஒருவன் என்னிடம்.

சவ ஊர்தி ஓட்டுநர் படிவத்தையும் அவர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது.

மேலாளர் என் மெயிலைப் போனில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘ரிமெய்ன்ஸ்’ என்பதை விரலால் தட்டி, "இது பிணம்" என்றார். எனக்குக் காது சூடேறியது. அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் நால்வரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டார். பெட்டிகளுக்கு இடமில்லை. "வண்டி வந்திருக்கு இல்ல? பெட்டியோட நீ அதுல வா" என்றார்.

சவப்பெட்டி வைக்கும் இடத்தில் நான்கு சூட்கேஸ்களும் ஊறுகாய் வாசனையும். முன்னால் நான். அப்படியே ஆட்கள் தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அலுவலகத்தில் அக்கா சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. "வெறும் லேட்டுன்னா தப்பிச்சிருப்ப தம்பி. லேட்டுக்குப் பக்கத்துலயே ரிமெய்ன்ஸ் போட்டா, ஆள் போயாச்சுன்னுதான் நினைப்பாங்க, லா. டிலேய்டுன்னு எழுது."

மறு வாரமே மேலாளருக்கு ஒரு மன்னிப்பு மெயில் எழுதினேன். அக்காவிடம் காட்டினேன். பாதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பச் சொன்னார்.