வல்வெட்டித்துறைக் கரையில் நான் கொடுத்த முறைப்பாடு

கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்த 1942இல், நான் படிப்பித்த கொழும்புப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்து சும்மா இருக்க மனமில்லாமல், ஆனி மாதத்தில் ஒருநாள் வடகரையைப் பார்க்கப் புறப்பட்டேன். காலை ஆறரைக்கு பஸ். வல்வெட்டித்துறைக்கு ஏறக்குறைய இருபது மைல், கட்டணம் முப்பது சதம். நெல்லியடியில் கால்மணி நேரம் நிற்கும், தேநீர் குடிக்கலாம்.

ஒன்பது மணிக்குக் கரையில் நடந்தபோது, ஒருவர் நீண்ட கம்பில் வெள்ளைத் துணி கட்டிக் கடலை நோக்கி அசைத்துக்கொண்டு நின்றார். எதிரிக் கப்பலுக்குச் சைகை காட்டுவோரைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே ஊர்த் தலைவரான உடையார் வீட்டுக்குப் போனேன். தலைமுறைகளாக ஊரின் காணி, வழக்குகளைப் பார்த்துவந்த குடும்பம். யுத்தம் வந்ததும் கரைக்காவலும் அவர் தலையில் விழுந்திருந்தது. நான் ஆசிரியர் என்று சொல்லி, கண்டதை விவரித்தேன்.

"அவன் கந்தவனம். சின்னனிலை இருந்து தெரியும். உது வேறை அலுவலாயிருக்கும், மாஸ்டர்," என்றார்.

"தெரிஞ்ச ஆள் எண்டு விடுறதோ? நான் எழுதித் தாறன்."

எழுதி, கையொப்பமும் வைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். "எழுத்திலை வந்தால் நான் விசாரிக்காமல் விடேலாது," என்று ஆள் அனுப்பினார்.

கந்தவனம் மூச்சிரைக்க வந்தார். "ஐயா, தம்பி வள்ளத்திலை வாறான். பாறைக்கு நடுவிலை ஒரு வழிதான் இருக்கு, நான் துணியாலை காட்டவேணும். காத்தும் கூடிப் போச்சு."

மூவரும் ஓடினோம். வள்ளம் பாறையில் அடித்துப் பிளந்துவிட்டது. நான்கு பேர் தம்பியைத் தூக்கி வந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது.

"கரையிலை துணி காட்டிக்கொண்டு நிண்ட அண்ணையை ஆர் கூப்பிட்டது?" என்று தம்பியின் மனைவி கேட்டாள்.

உடையார் தோளிலிருந்த சால்வையைக் கையில் எடுத்தார். "நான்தான், பிள்ளை. பிழை என்ரை."

என் கடதாசி அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாய் திறந்திருக்கலாம். கூட்டத்தின் பின்னால் நகர்ந்து நின்றேன். உடையாரின் வண்டி காயப்பட்டவனோடு பருத்தித்துறை ஆசுபத்திரிக்குப் போனது. நான் இரண்டே முக்கால் பஸ்ஸில் திரும்பினேன்.

வடகரைக்குப் போகிறவர்கள் காலை பஸ்ஸையே பிடியுங்கள். பிறகு வெயில் தாங்காது. கரையில் விளங்காத ஒன்றைக் கண்டால், செய்கிறவரிடமே முதலில் கேளுங்கள். எனக்கும் கந்தவனத்துக்கும் இடையே முப்பது அடிகூட இருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு உடையாருக்கு எழுதினேன். தம்பியின் கால் நேராகவில்லை என்று பதில் வந்தது. கீழே ஒரு வரி: "இதைக் கந்தவனத்துக்கு எழுதும்."

இன்னும் எழுதவில்லை.