இடப்பக்கம் இழுத்த வண்டி

எங்கள் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கெடுத்தவள் நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒரு வண்டியைக் கெடுக்க எம்புட்டுக் கனம் இருக்க வேண்டும் என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பல வேளைச் சாப்பாடு மிச்சமாகியிருக்காது.

சித்தப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்காக நாற்பது நாள் லீவில் வன்னியம்பட்டிக்கு வந்திருந்தார். சடங்கு, விருந்து, சொந்தம் பந்தம் என்று பாதி லீவு கரைந்துபோனது. வீட்டில் எந்நேரமும் பத்துப் பேர் இருப்பார்கள். புதுச் சித்தி ராஜபாளையத்துப் பெண். வந்த நாளிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை, வாயையும் திறக்கவில்லை.

"ரெண்டு பேரும் முகங்குடுத்துப் பேசி நான் பாக்கல. தம்பி லீவு முடிஞ்சு போயிட்டா, அந்தப் புள்ள யார நெனச்சுக்கிட்டு இங்கன இருக்கும்?" என்று அம்மா அப்பாவிடம் விசனப்பட்டாள்.

விசனப்பட்ட அதே அம்மாதான், அவர்கள் வண்டியை எடுத்தால் போதும், என்னைத் தூக்கி நடுவில் உட்கார வைப்பாள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் போனால் கண் பட்டுவிடுமாம். துணைக்கு ஒரு சின்னப் பிள்ளை போக வேண்டுமாம். எனக்கென்ன, ஒரே கொண்டாட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலோ, சுந்தரபாண்டியத்தில் விருந்தோ, எங்கே போனாலும் சித்தப்பாவின் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நான் இருப்பேன். எனக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்தபடி சித்தி வருவாள். வழிநெடுகப் பேசிக்கொண்டு வருவது நான் ஒருத்திதான்.

ஒருநாள் முன்சக்கரம் பஞ்சராகி நின்றது. கடைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார் அப்பா. "பட்டாளத்துல லாரி வீலையே கழட்டி மாட்டுறவன் நான். இதுக்குப் போயி கடையா?" என்று சித்தப்பா முற்றத்திலேயே சக்கரத்தைக் கழற்றி, ஒட்டி, மாட்டிவிட்டார். மறுநாளிலிருந்து வண்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. நாற்பதைத் தாண்டினால் ஹேண்டில்பார் கிடுகிடுவென்று நடுங்கும். கையைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சித்தப்பா ரோட்டைத் திட்டினார். காற்று கூடிப்போச்சு என்று இறக்கினார். பொறவு குறைஞ்சுபோச்சு என்று ஏற்றினார். சக்கரம் மாட்டியதில் கோளாறு இருக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

செண்பகத்தோப்புக்குப் போகும்போது எதிரே ஒரு டிராக்டர் வந்தது. ஒதுங்கப் போய், வண்டி இழுத்த இழுப்பில் ஓரத்து மண்ணில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சித்தியின் கல்யாண வளையல் நாலு உடைந்திருந்தது. சித்தப்பாவின் முகம் செத்துப்போனது.

"கொழாயடில இடிச்சுட்டேன்னு அக்காகிட்டச் சொல்லிக்கிடுதேன்" என்றாள் சித்தி, தரையைப் பார்த்துக்கொண்டே. அவள் அவரிடம் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

லீவில் ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது. வேறு வழியில்லாமல் சித்தப்பா வண்டியை ராஜபாளையத்துக்கு ஓட்டினார். அங்கே சித்தியின் அண்ணன் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். மச்சினனிடம் போய் நிற்பது சித்தப்பாவுக்கு மானக்கேடு; உர்ரென்றே வந்தார். அன்றும் நடுவில் நான்தான்.

அந்த மாமா வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்துச் சுற்றிவிட்டார். எதிரே குந்தி உட்கார்ந்து அது சுற்றுவதையே பார்த்தார். ஹேண்டில்பாரை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினார். சக்கரத்தை இருபுறமும் தாங்குகிற போர்க்குக் கம்பிகள் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். கடைசியாகச் சக்கரத்தின் அச்சுப் பக்கம் குனிந்தவர், "மாப்ள, இந்த வீல யாரு கழட்டுனது?" என்று கேட்டார்.

"நான்தான். ஏன்?" என்று சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். "அண்ணே, வீல்ல ஒண்ணுமில்ல. பாப்பா நடுவுல உக்காருதுல்ல, அந்தப் பாரம் ஒரு பக்கமாத் தள்ளுது. அதான் இழுக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா தங்கச்சியின் முகத்தைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா மாப்ள, பாரந்தான். கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரா மட்டும் போங்க. நீங்க போயி ஒரு டீயச் சாப்புட்டு வாங்க, நான் சும்மா நட்ட மட்டும் இறுக்கி வைக்கேன்" என்றார்.

சித்தப்பா போனதும் அண்ணனும் தங்கச்சியும் சட்டென்று வேலையில் இறங்கினார்கள். அவர் கேட்குமுன்பே சித்தி ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். சக்கரத்துக்கும் போர்க்குக்கும் நடுவில் மோதிரம் மாதிரி ஒரு சின்ன இரும்பு வளையத்தைச் செருகி மாட்டினார்கள். மாட்டும்போது இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். இன்றைக்கு எனக்கென்று ஒரு வண்டி இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அந்த வளையம் விட்டுப்போனால் போர்க்கு ஒரு பக்கமாக நெரிபட்டு, வண்டி நடுங்கும், இழுக்கும் என்று தெரிகிறது. சீட்டின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையால் எந்த வண்டியும் ஒரு பக்கமாக இழுக்காது என்றும் தெரிகிறது. அன்றைக்கு, சக்கரத்தை அவ்வளவு பிரியமாகப் பார்த்துச் சிரிக்கிறார்களே, நம்மைத்தான் கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன்.

டீ குடித்துவிட்டு வந்த சித்தப்பா வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்வந்தார். "அட, ஊசி மாதிரி நேராப் போகுதே! பாரந்தான் மச்சான்" என்றார். மாமா என்னைத் தன் வண்டியில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டார். சித்தி ஏறி உட்கார்ந்து சித்தப்பாவின் தோளில் கையை வைத்தாள். இருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

அந்த ஒன்பது நாளும் அவர்கள் வீட்டில் தங்கவே இல்லை. கேட்டால், வண்டியை ஓட்டிப் பார்க்கிறோம் என்பார் சித்தப்பா. பெரிய மெக்கானிக்கே சொல்லிவிட்டாரே என்று அம்மாவும் என்னை ஏற்றிவிடுவதை நிறுத்திவிட்டாள். வாசலில் நின்று பார்ப்பேன். வண்டி நேராகத்தான் போனது. ஆக, தப்பு என் மேல்தான். அன்றிலிருந்து மூன்று தோசையை ஒன்றாக்கினேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பத்தாம் நாள் காலையில் சித்தப்பா டிரங்குப் பெட்டியோடு ரயிலேறிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தோசை வைத்துக்கொண்டிருந்த சித்தி, "ஏட்டி, ஏன் ஒண்ணோட எந்திரிக்க? அம்புட்டுத்தானா?" என்று கையைப் பிடித்தாள்.

"இளைச்சாத்தான சித்தப்பா வண்டி இழுக்காது" என்றேன்.

சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பே அழுகையாக மாறிவிட்டது. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஒன் மேல ஒரு தப்பும் இல்ல தாயி, ஒரு தப்பும் இல்ல" என்று தேம்பினாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பொறுக்கவில்லை.

"அழாதிய சித்தி. அடுத்த லீவுக்குள்ள நான் இளைச்சிருவேன்" என்றேன்.

அடுத்த லீவு என்றதும் அழுகை இன்னும் கூடிப்போனது. நான் பட்டினி கிடந்ததற்காகத்தான் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, தட்டை இழுத்துவைத்து, அவள் கண்ணெதிரே நாலு தோசையை ஒரே மூச்சில் தின்று காட்டினேன். அப்படியும் அவள் ஏன் நிறுத்தவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.